விற்கக் கூடாத வரிசை

வெள்ளிக்கிழமை, இரவு

நாளை மாலை நாடகம். எங்கள் இணையத்தளத்தில் முதன்முறையாகக் கதிரை பார்த்து டிக்கெட் விற்றோம். மண்டபப் படத்தில் விரும்பிய கதிரையைத் தொட்டுக் காசு கட்டினால், பிறகு வேறு யாராலும் அதை எடுக்க முடியாது. அந்தப் பூட்டைச் செய்யத்தான் மாதக்கணக்கில் மாரடித்தேன்.

இன்று பின்னேரம் நாடகக் குழுச் செயலாளர் அழைத்தார்.

"முன் வரிசையையும் வித்துப் போட்டியா புள்ள? அது அதிதிகளுக்கு எண்டு சொல்லவும் வேணுமா?"

வேண்டாம்தான். எந்த மண்டபத்திலும் முன்னால் சோபா போட்டு வெள்ளை விரிப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றியதும் அதிதிகளில் பாதிப் பேர் எழும்பிப் போய்விடுவார்கள். சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். படம் வரையும்போது மட்டும் என் புத்தி எங்கே போனது?

"காசு கட்டிட்டாங்க ஐயா."

"பின்னுக்கு மாத்தி விடு. அவங்க என்ன சொல்லப் போறாங்க?"

இவர்கள்தான் எங்கள் முதல் வாடிக்கையாளர்கள். என் பூட்டை நானே உடைத்தேன். புதிய கதிரை இலக்கங்கள் முன் வரிசைக்காரர் எல்லாருக்கும் தானாகவே போய்விட்டன.

வாகரையிலிருந்து ஒருவர், என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் முன்வரிசையில் வாங்கியிருந்தார். மகளுக்குக் காது கேளாது. நடிப்பவர்களின் வாயைப் பார்த்துத்தான் அவளுக்குக் கதை விளங்கும். இப்போது அவர்களுக்கு ஒன்பதாம் வரிசை.

சற்று முன் வட்ஸ்அப்பில் அவருடைய குரல் பதிவு வந்தது.

"தங்கச்சி, இடம் மாத்தின மெசேஜ் கிடைச்சது. புது இலக்கம் எங்க எண்டு விளங்கல்ல, மேடைக்கு இன்னும் கிட்டவா போட்டிருக்கிறீங்க? மகள் கேக்கிறாள்."

நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும். நீலக் குறி விழுந்துவிட்டது.