அம்மிணி எழுதிய வெள்ளம்

மட்டாஞ்சேரி
3-4-1978

அன்பு மகள் மாயம்மாளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு அம்மிணி எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் சுகம். பிள்ளை வயிற்றில் புரள்கிறதா?

உன் தலைப்பிரசவத்துக்கென்று விலை பேசிய வீடு அப்படியே கிடக்கிறது. தை பதினாலு, வெள்ளிக்கிழமை, அச்சாரம் வாங்கிய கையோடு வெங்கிடராமன் சாமி சொன்னார்: “கூரை ஓட்டை மாத்தி, குழாயும் இழுத்துத் தரேன் ஓய். பங்குனி பிறக்கறதுக்குள்ளே.” சொல்லிவிட்டு வெற்றிலையை இடது கன்னத்துக்கு ஒதுக்கினார். எழுத்துத் தெரியாதவனுக்கு இதெல்லாம் மறக்காது. இப்போது கேட்டால், “அடுத்த ஆழ்ச்சை ஆள் வரும்.” எட்டு வாரமாக இதே பேச்சு. வீட்டில் வெள்ளம் வரவில்லை. சித்திரை பதினொன்றில் பத்திரம் பதியலாம் என்கிறார். மாப்பிள்ளையிடமும் கேட்டு எழுது.

உன் அப்பா
நல்லசிவம் (கைநாட்டு)

சங்கரன்கோவில்
10-4-1978

அன்புள்ள அப்பாவுக்கு மாயம்மாள் வணக்கம். பிள்ளை புரளவில்லை, உதைக்கிறது.

ஓட்டு வேலை மெதுவாக நடக்கட்டும். குழாய் இல்லாவிட்டால் கிணறு இருக்குமே. சுற்றிலும் காயலாச்சே என்றுதான் பயந்தேன்; வெள்ளம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதும். பதிந்துவிடுங்கள். இவரும் அதையே சொல்கிறார்.

“சொந்தமா ஒரு சொவரு இல்லாதவன் வீட்டுக்கு எம்பேரப்பிள்ளைய எப்படி அனுப்ப?” என்று அத்தை குத்திக்கொண்டே இருந்தார்கள். உங்கள் கடிதத்தை உரக்க வாசித்தேன். எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்கள்!

மகள்
மாயம்மாள்

மட்டாஞ்சேரி
18-4-1978

அன்பு மகளுக்கு, உன் கடிதத்தை வாசித்த அம்மிணி தலையில் அடித்துக்கொண்டாள். நான் சொன்னது “தண்ணி வரல.” மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம்தானே, அப்படியே எழுதிவிட்டாள். “நான் எழுதினது சரிதான் மாமா, அவ வாசிச்சதுதான் தப்பு” என்று இன்னும் வாதாடுகிறாள்.

அந்த வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மகளே. கிணறு உப்பு. தெருமுனைக் குழாயில் நாற்பது குடம் வரிசை நிற்கும். நீ வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது உன் அம்மா அந்த வரிசையில்தான் வழுக்கி விழுந்தாள். புதன்கிழமை, இரண்டாவது குடம்.

நேற்று சாமியிடம் போய், “வீடு வேண்டாம்” என்றேன்.

“இந்த மாதிரி வீடு ஒமக்கு வேறே கிட்டுமா ஓய்?”

“கிட்டாது சாமி. அதனால நீங்களே வெச்சுக்கிடுங்க.”

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அச்சாரத்தைத் திருப்பித் தந்தார்.

இந்த வாடகை வீட்டு முற்றத்தில் குழாய் இருக்கிறது. சுவர்தான் நம்முடையது இல்லை. அத்தையிடம் உள்ளதைச் சொல்லிவிடு. அனுப்ப மாட்டேன் என்றால் சண்டை போடாதே, அங்கேயே பெற்றுக்கொள். பிள்ளையின் முதல் அழுகையை இங்கே கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

அப்பா (கைநாட்டு)

சங்கரன்கோவில்
27-4-1978

அன்புள்ள அப்பாவுக்கு, அத்தையிடம் சொல்லிவிட்டேன். முறத்து அரிசியைப் புடைத்து முடித்தார்கள். பிறகு, “தண்ணி இல்லாத வீட்ட வேண்டாம்னவன் புத்தியுள்ளவன்தான். ஆனா தாயில்லாத வீட்டுல ஆம்பள தனியா வெந்நி வெச்சு பிள்ளத்தாச்சியக் குளிப்பாட்டவா? நானும் வாரேன்னு எழுது” என்றார்கள்.

வைகாசி முதல் வாரம் இரண்டு பேரும் வருகிறோம். கொச்சியில் நல்லெண்ணெய் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பதிலுக்குக் காத்திராமல் பெட்டியும் கட்டியாயிற்று. முழுக்கப் பேரப்பிள்ளைக்கான துணிதான்; அதில் என் சேலை ஒன்றுகூட இல்லை.

மாயம்மாள்