சலவைக் கடையின் மாடி ஜன்னல்

மல்பெரி தெரு
செப்டம்பர் 6

அருமை மருமகன் அமாரிக்கு,

உன் எஸெல் மாமா எழுதுவது. நான் நலம். உன் அம்மா வெர்னெட்டாவும் நலம் என்று எழுதச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். ஜூலை மாதமே சலூனில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அந்த வெள்ளை போலீஸ்காரன் நம்ம தெருவுல வண்டியை ஊர்ந்து ஓட்டுற விதமே சரியில்ல. இந்தக் கோடை முடியறதுக்குள்ள நம்ம வீட்டு அம்மா ஒருத்தி அழப்போறா." சலூன்கார வில்பர்ட் கத்தரியை நிறுத்திவிட்டு, "ஏன் எஸெல், உன் முழங்கால் சொல்லிச்சா?" என்று கேட்டான். ஆமாம், முழங்கால்தான் சொன்னது. மூன்று புயலைச் சொன்ன முழங்கால் இது. இப்போது வில்பர்ட் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறான்.

கோர்டெலை அடக்கம் செய்தாகிவிட்டது. நாலாயிரம் பேர் வந்திருந்தார்கள். உன் அம்மா நானூறு என்கிறாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். உன் சிநேகிதனைப் பார்க்க உன்னை ஒரு மணி நேரம்கூட வெளியே விடவில்லையே, அது எனக்கு ஆறவே இல்லை. அவனைச் சுட்டவன் சம்பளத்தோடு வீட்டில் இருக்கிறான். அவனோடு போன நீ உள்ளே. போலீஸ்காரனைத் தாக்கினாய் என்று வழக்காம். உன் கழுத்தால் அவன் முழங்காலைத் தாக்கியிருப்பாய், வேறென்ன.

ஆனால் கலங்காதே. கண்ணால் பார்த்த சாட்சி கிடைத்திருக்கிறது! நான் அந்த நேரம் பார்த்து என் கறிக்கடை அடுப்புக்குக் கரி எடுக்க மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், என் தலையெழுத்து. ஆனால் சலவைக் கடை மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற ஒடெஸா அம்மா, ஜன்னல் வழியாக முழுவதும் பார்த்திருக்கிறார். "ரெண்டு கையும் தலைக்கு மேல. வெறுங்கை. கீழ இறக்கவே இல்ல" என்கிறார். ஆயுசெல்லாம் தபால் ஆபீசில் இருந்தவர், ஒரு கடிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை. சர்ச்சில் பாட்டுக் குழுவிலும் இருக்கிறார். அப்படிப்பட்டவர் வாயைத் திறந்தால் நீதிபதியே எழுந்து நின்று கேட்பார்.

நன்றாகச் சாப்பிடு.

உன் மாமா,
மல்பெரி தெருவின் கரியடுப்பு மன்னன்
எஸெல்

*

மாவட்டச் சிறை
செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார்கள். பார்த்து எழுதுங்கள்.

எனக்குப் பதினேழு வயதுதான் என்றாலும் பெரியவர்கள் இருக்கிற பகுதியில் போட்டிருக்கிறார்கள். சாப்பாடு பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பரவாயில்லை இல்லை, ஆனாலும் சொல்லுங்கள்.

ஒடெஸா அம்மாவைப் பற்றிப் படித்ததும் அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் நான் ஒன்றையும் பார்க்கவில்லை மாமா. கூட இருந்தவன் நான், நான் பார்க்கவில்லை. என் முகம் தார் ரோட்டில் அழுந்திக் கிடந்தது. ஒரு பாட்டில் மூடி தெரிந்தது, ஒரு பூட்ஸ் தெரிந்தது. காதில் விழுந்தது மட்டும் உண்டு. கோர்டெல், "கை எரியுது சார், கை எரியுது" என்றான். அப்புறம் வெடிச் சத்தம். இதை விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். ஒருவர் பேனாவை மூடிவிட்டார். "தம்பி, தெருவுல நிக்கிறவன் எதுக்குடா கை எரியுதுன்னு சொல்லுவான்? பயத்துல நீயா நினைச்சுக்கிற" என்றார்.

இருக்கலாமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்கிற கெளுத்தி மீன் கதை மாதிரி இதை ஆக்கிவிடாதீர்கள். அந்த மீன் வருஷா வருஷம் ஒரு அடி வளர்கிறது. போன விருந்தில் அது உங்கள் வண்டியையே ஆற்றுக்குள் இழுத்தது. கோர்டெல் சிரித்துச் சிரித்துப் புரையேறி, சோள ரொட்டியை மேஜை முழுக்கத் துப்பினான். இது அது இல்லை. அந்த அம்மா பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அமாரி

*

மல்பெரி தெரு
செப்டம்பர் 20

அருமை மருமகனுக்கு,

இதைப் பிரித்துப் படிக்கிற சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். பசி எடுத்தால் எங்கள் தெருவுக்கு வாருங்கள், விலாக்கறி தருகிறேன். காசு வாங்கிக்கொண்டுதான்.

மருமகனே, என் கெளுத்தி மீனைக் கேலி செய்தாய். போகட்டும். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்; பள்ளிக்கூடத்துக்கு என் அறிவைத் தாங்க முடியவில்லை. ஆனால் ஒடெஸா அம்மா விஷயத்தில் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் போடுகிற ஊதாத் தொப்பியின் கீழ் ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாம். ஒற்றைக் கண் பூனை ஒன்று வைத்திருக்கிறார். அதுகூட அன்றைக்கு ஜன்னலில் உட்கார்ந்து பார்த்ததாம்.

என் கடிதம் அங்கே போய்ச் சேர்ந்த மறுவாரமே இங்கே இரண்டு போலீஸ்காரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். என் அடுப்புக்கும் வந்தார்கள்.

"யாருய்யா அந்த ஒடெஸா?"

"எந்த ஒடெஸா? இந்தத் தெருவுல கல்லெறிஞ்சா ஒரு ஒடெஸா மேலதான் விழும்" என்றேன்.

"நீதானே அன்னைக்கு அஞ்சு வண்டி, பன்னெண்டு குண்டுன்னு எழுதிக் குடுத்த ஆளு?" என்று கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதை விடு. பயந்திருக்கிறார்கள் என்பதுதான் சங்கதி. ஒரு வயதான அம்மாவைப் பார்த்து ஒரு போலீஸ் நிலையமே நடுங்குகிறது!

உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணா, பையனுக்கு நம்பிக்கை குடு. கதை குடுக்காதே" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

உன் மாமா,
கரியடுப்பு மன்னன்
எஸெல்

*

மாவட்டச் சிறை
அக்டோபர் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னது சரிதான், பயந்துதான் இருக்கிறார்கள். முதலில் எட்டு வருஷம் என்றார்கள். நேற்று அரசு வக்கீல் புதிதாக ஒரு காகிதம் அனுப்பினார். ஒரே ஒரு கையெழுத்து, அடுத்த நாள் வீடு.

காகிதத்தில் இருப்பது இது: கோர்டெல் போலீஸ்காரரின் இடுப்புத் துப்பாக்கியைப் பிடுங்கக் கையை நீட்டினான், அதை நான் பார்த்தேன்.

நம் வக்கீல் ப்ரெவிட் அம்மா போலீஸ்காரரின் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். "சுமார் முப்பது வயது, பெரிய உருவம், மூர்க்கமான தோற்றம்" என்று எழுதியிருக்கிறது. மாமா, கோர்டெல் மீசை முளைக்கவில்லை என்று அவன் அக்காவின் புருவப் பென்சிலால் வரைந்துகொண்டு வருவானே! வேர்த்தால் அது கன்னத்துக்கு ஓடிவிடும். முப்பது வயதாம்.

இங்கே ஒரு காவலர் தினமும் வந்து நிற்கிறார். "செத்தவன் செத்துட்டான். அவனுக்காக நீ ஏன் உள்ள கெழவனாகணும்? உங்க ஆளுங்க கையை நீட்டுறது புதுசா என்ன?" என்கிறார். பக்கத்துக் கட்டில்காரரும் சொல்கிறார்: "போட்டுட்டு வீட்டுக்குப் போடா. உங்கம்மாவுக்கு இன்னொரு பிள்ளை இருக்கா?"

ஒடெஸா அம்மாவை நினைத்துக்கொண்டு "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ப்ரெவிட் அம்மா அவரைப் பார்க்க வேண்டுமாம். எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள்?

இன்னொன்று. சலவைக் கடைக்கு மாடி இருக்கிறதா மாமா? படுத்துக்கொண்டு நம் தெருவை ஒவ்வொரு கடையாக நினைத்துப் பார்க்கிறேன். சலவைக் கடைக்கு மேலே எனக்கு வானம்தான் வருகிறது.

அமாரி

*

மல்பெரி தெரு
அக்டோபர் 8

மருமகனே,

மாடி இல்லாமலா? பின்பக்கமாகப் படி இருக்கிறது, தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் திரிந்தவன் மாடியை மறந்துவிட்டாயே! சிறைச் சாப்பாடு மூளையைக் கெடுத்துவிட்டது.

அந்தக் காகிதத்தைத் தொடாதே. ஒடெஸா அம்மாவுக்கு முழங்கால் வாதம், கொஞ்சம் தேறட்டும், வக்கீலிடம் நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன்.

எஸெல் மாமா

*

மாவட்டச் சிறை
அக்டோபர் 21

மாமா,

இன்று நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். ஏன் என்று அரசு வக்கீல் கேட்டார். "ஒடெஸா அம்மா பார்த்திருக்கிறார்" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை கூட்டிக்கிட்டு வா. இல்லேன்னா அன்னைக்குக் கையெழுத்துப் போடு. அதுக்கப்புறம் இந்தக் காகிதம் கிடையாது. எட்டு வருஷம்தான்" என்றார்.

தைரியமாகப் பேசினேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லுங்கள். உண்மை அப்படி இல்லை.

நீங்கள் மாடி இருக்கிறது என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. தினமும் அந்தக் கடையில்தானே அம்மாவுக்காகத் துணி மடித்தேன்? பின்பக்கச் சுவரில் நானும் கோர்டெலும் பந்தை அடித்து அடித்து விளையாடியிருக்கிறோம். அங்கே படியே இல்லை என்று என் மனசு சொல்கிறது. நீங்கள் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் என் மனசு சரியில்லை. அது சரியில்லை என்றால் "கை எரியுது" என்று கேட்டதும் சரியில்லை. காவலர் சொல்வதுதான் சரி. மாமா, இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அவன் கை கீழே இறங்குவது தெரிகிறது. போலீஸ்காரரின் இடுப்புக்குப் போவது தெரிகிறது. நான் பார்க்கவே இல்லையே, எப்படித் தெரிகிறது? இன்னும் நாலு நாள் போனால் நான் நிஜமாகவே பார்த்தவன் ஆகிவிடுவேன். அப்போது கையெழுத்துப் போடுவதில் என்ன இருக்கிறது?

ஒடெஸா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள். எனக்காகக்கூட வேண்டாம். அவன் கை எங்கே இருந்தது என்று ஒருவர் வாயால் நான் கேட்க வேண்டும்.

அமாரி

*

மல்பெரி தெரு
அக்டோபர் 23

அமாரி,

உன் கடிதத்தை நேற்று ப்ரெவிட் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். இதையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். யாரும் பிரிக்க மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கு இது பழக்கமில்லை, அங்கங்கே அடித்து எழுதியிருப்பதைப் பொறுத்துக்கொள்.

அன்றைக்குச் சாயங்காலம் கோர்டெல் விலாக்கறி கேட்டான். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். "ரெண்டு கையாலயும் பிடிடா. கீழ போட்டா இன்னொண்ணு கிடையாது" என்றேன். நீ முன்னால் போய்விட்டிருந்தாய், பொட்டலத்தை நீ பார்க்கவில்லை; அவன் உன்னை எட்டிப்பிடிக்க வந்தான். வண்டி வந்தது. ஒரு வண்டிதான். இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் உன்னைக் கீழே தள்ளி முழங்காலைப் போட்டான். மற்றவன் கோர்டெலைப் பார்த்து, "கையைத் தூக்குடா" என்றான்.

அவன் தூக்கினான். பொட்டலத்தோடு தூக்கினான். வெறுங்கை என்று எழுதினேனே, அது பொய். இரண்டு கையும் பொட்டலத்தில் இருந்தன. கறிச்சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. "கை எரியுது சார், கை எரியுது" என்றான். நீ கேட்டது சரி. நான் அந்தப் பொட்டலத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. அப்படியிருக்க நீயாக நினைத்துக்கொண்டிருக்க முடியாது.

எரிந்தும் அவன் அதைக் கீழே போடவில்லை. நான் சொன்னதற்காகப் போடவில்லையோ என்று நினைத்து நினைத்துத்தான் அதைச் சொல்லாமல் விட்டேன்.

கை கீழே வரவே இல்லை. சுட்டான். இரண்டு முறை. விழும்போதும் பொட்டலம் கையில் இருந்தது. பிறகு சுட்டவன் அதைப் பூட்ஸால் சாக்கடைக்குள் தள்ளினான்.

நான் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நான் செய்தது.

அன்றைக்கே போலீசிடம் போய்ச் சொன்னேன். இரண்டு என்றால் யார் காதில் ஏறும் என்று பன்னிரண்டு என்றேன். ஒரு வண்டியை ஐந்து ஆக்கினேன். அடுப்பு மூடியை எடுத்து அவர்கள்மேல் வீசினேன் என்றும் சொன்னேன். எழுதியவன் சிரித்துக்கொண்டே எழுதி என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டான். வெளியே வந்தபோதுதான் புரிந்தது, இனி நான் பார்த்ததை இந்த ஊரில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை.

நேற்று ப்ரெவிட் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "கூண்டுல உங்களைக் கிழிச்சுடுவாங்க, மிஸ்டர் எஸெல். அந்தப் பன்னெண்டு குண்டைப் படிப்பாங்க. உங்க கெளுத்தி மீனைக்கூட விடமாட்டாங்க" என்றார்.

கேட்கட்டும். ஒன்றரை அடி என்று சொல்லிவிடுவேன். வண்டியை அது இழுக்கவில்லை, நான்தான் பிரேக் போட மறந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவேன். நம்புவார்களா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. என் முழங்காலும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வருஷம் பெரிசு. நீ கையெழுத்துப் போட்டால் நானோ உன் அம்மாவோ ஒரு வார்த்தை கேட்கமாட்டோம், வாசலில் காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவோம். ஆனால் உன் மனசு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு போடாதே. அவர்கள் அங்கே உட்கார்ந்து உன் தலைக்குள் செய்கிற வேலையை இங்கிருந்து நானும் செய்திருக்கிறேன். அது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பூனை இருக்கிறது. என் அடுப்படியில் எலும்புக்கு வருகிற பூனைதான் அது. மற்றபடி நீ நினைத்ததுதான் சரி. சலவைக் கடைக்கு மேலே வானம்தான். பின்பக்கம் படி கிடையாது, பந்து அடித்த சுவர்தான். ஒடெஸா அம்மாவை நான் உண்டாக்கினேன், அமாரி. அவர் பார்த்ததெல்லாம் நான் பார்த்தது.

எஸெல்