கவரை ஒட்டும் ஈரம்

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உனக்கும் தொண்டையில் புற்றுக்கட்டி என்று கேட்டதிலிருந்து கைகால் ஓடவில்லை. உன் மாமா என்னைத் தனியாக விட்டுக் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவருக்குக் கரண்ட், அதான் கதிர் சிகிச்சை, வைத்தது பழைய மெஷினில். கழுத்தில் இரண்டு பக்கமும் நேராக அடித்தார்கள். கட்டி கரைந்தது. கூடவே எச்சில் ஊறுகிற இடமும் வெந்துபோனது. அப்புறம் ஒரு கவர் ஒட்டக்கூட அவர் நாக்கில் ஈரமில்லை. "நீயே நக்கி ஒட்டுடி" என்று என்னிடம் நீட்டுவார். கடைசியில் விழுங்கினது நுரையீரலுக்குள் இறங்கி, காய்ச்சல் வந்துதான் போனார். கட்டியால் இல்லை.

உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த மெஷின்? கேட்டு எழுது.

அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

இரண்டும் இருக்கிறது. புதுசு கட்டியின் வடிவத்துக்கே கதிரை வளைத்து வைக்குமாம், எச்சில் சுரப்பியை முடிந்தவரை விட்டுவிடுமாம். ஆனால் கட்டியைக் கொல்வதில் இரண்டும் ஒன்றுதான் என்று டாக்டரம்மாவே சொல்கிறார். எதில் படுத்தாலும் தலை ஆடாமலிருக்க முகமூடி மாட்டி மேஜையோடு பூட்டிவிடுகிறார்கள். புதுசில் அதிக நேரம் அப்படியே கிடக்கணும். நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. பழசே போதும் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி

ஜனவரி 22

தம்பி,

கட்டி சாவது இரண்டிலும் ஒன்றுதான், சரி. அது செத்த பிறகு நீ சாப்பிட வேண்டாமா? உன் சலூனில் எத்தனை பேர் கழுத்தில் கத்தி வைத்து "ஆடாதே" என்றிருப்பாய். நம்பித்தானே உட்கார்ந்தார்கள்? நீயும் நம்பிப் படு. பயமாக இருந்தால் பயந்துகொண்டே படு. வாய் வறண்டவர் பக்கத்தில் தம்ளரோடு உட்கார எனக்கு இன்னொரு தடவை தெம்பில்லை.

அக்கா

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

புதுசுக்கே மாறிவிட்டேன். நேற்று நான் செய்த கூத்தைக் கேள். முகமூடி தாடியோடு அளவெடுத்தது. முதல் நாளாச்சே, சுத்தமாகப் போவோம் என்று நானே மழித்துவிட்டேன். முகமூடி லொடலொடவென்று ஆடுகிறது. மெஷின் பார்க்கிற பொண்ணு, "சலூன்காரரே, தாடியில கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? ஒரு நூல் நகர்ந்தாலும் கதிர் வேற இடத்துல விழும்" என்று திட்டித் தீர்த்தாள். மறுபடி முகமூடி, ஸ்கேன், கதிர்க் கணக்கு எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் கட்டி வளருமோ என்று கழுத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

வாயெல்லாம் புண், பேச முடியவில்லை என்று உன் மனைவி சொல்கிறாள். உன் மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. புதுசுக்கு உன்னைத் தள்ளிவிட்டது நான்தான். போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

அக்கா

நவம்பர் 3

தம்பி,

உன் கவர் வந்தது. உள்ளே ஒரே வரி: "அக்கா, இதை நானே நக்கி ஒட்டினேன்."

தபால்காரர் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். பயம் போகவில்லை. அடுத்த ஸ்கேன் எப்போது என்று எழுது.

நல்லவேளை, கவரின் ஓரத்தைத்தான் கத்தரித்திருந்தேன். ஒட்டின இடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். பிரியவில்லை.

அக்கா