பதினான்கு போர்டுகள்

ஜூன் 22, 2025 – ஞாயிறு

எதிர்வீட்டு மலர்கொடி மாவுச் சட்டியைத் துடைக்கப் பழைய பேப்பரைக் கிழித்தபோதுதான் அந்த அறிவிப்பைப் பார்த்தாளாம். எங்கள் மூன்றாம் தெருவைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து வணிகப் பகுதியாக மாற்றப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாமாம். அதில் ஒன்பது நாள் போய்விட்டது.

அப்படி மாற்றச் சொல்லி மனுப் போட்டவர் கலைச்செல்வன். முனை வீட்டுக்காரர். நாலு மாடியில் ஓட்டல், துணிக்கடை, மேலே மண்டபம் கட்டப் போகிறாராம். நேற்றுகூடத் தெருவில் பார்த்து, “நல்லா இருக்கீங்களா அக்கா?” என்று சிரித்தாரே! ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனுஷன்.

ஜூன் 23

மகள் தேவயானியிடம் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, “லாரி வருமாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். கூட்டுறவு பேங்கில் வேலை. தெருமுனை பஸ் ஸ்டாப்புக்கு ஆறு வருஷமாகத் தனியாகத்தான் போகிறாள். மலர்கொடி வீட்டுக் கிரைண்டர் சத்தம் தாண்டினால் வலப்பக்கம் சாக்கடை. மருதாயி அக்காவின் தையல் மெஷின் கேட்டால் திரும்பணும். அவளுக்கு இந்தத் தெரு அப்படித்தான் தெரியும். நான் கையைப் பிடிக்கப் போனால் கோபம் வந்துவிடும். “நான் என்ன கன்னுக்குட்டியாம்மா, புடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கு?”

பஸ் பேங்க் வாசலிலேயே நிற்கும்; டவுனில் வேறு எந்தத் தெருவிலும் அவள் தனியாக நடந்ததில்லை.

ஜூலை 7 – திங்கள்

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். இருபத்து மூன்று வீட்டில் பத்தொன்பது கையெழுத்து. வீடு வீடாக ஏறி வாங்கினது நான்தான். மகளிர் குழுத் தலைவி என்று வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? வெயிலில் மூன்று மணி நேரம் வரிசை. மருதாயி அக்கா வழியெல்லாம் கலைச்செல்வனைத் திட்டிக்கொண்டே வந்தார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரி திரும்பி வந்தோம்.

ஜூலை 31

விசாரணை. எழுதவே கை வரவில்லை.

அதிகாரி ஒரு ஃபைலைத் திறந்து போட்டோக்களை மேஜைமேல் பரப்பினார். பதினாலு போட்டோ. முதல் போட்டோவில் நான் – என் வாசலில், ‘ஜெயசித்ரா சத்துமாவு’ என்ற போர்டுக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் குழுவுக்கு லோன் கேட்டோம். தொழில் பதிவுச் சான்று வேணும், வாசலில் போர்டு வைத்த போட்டோ வேணும் என்றார்கள். நான்தான் எல்லாரையும் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிப் போனேன். இடம் என்று கேட்ட இடத்தில் வீட்டு முகவரியையே போட்டோம். பதினாலு ஃபிளக்ஸ் அடித்து, கட்டி, போட்டோ எடுத்து, அன்றைக்கே அவிழ்த்துவிட்டோம். அப்புறம் அது விறகு மூடத்தான் ஆச்சு. அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி கலைச்செல்வனின் மனைவி கீதாஞ்சலி. போட்டோவெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே கிடந்தது.

“பதினாலு வீடு தொழில் நடக்கிற இடம்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தெருவுல பாதிக்கு மேல ஏற்கெனவே வியாபாரம்தானே? அப்புறம் எதுக்கும்மா ஆட்சேபம்?”

“சார், அது வூட்டுக்குள்ள மாவு அரைக்கிறது சார். கடை இல்ல சார்.”

“பேப்பர்ல என்ன இருக்கோ அதைத்தாம்மா நான் பாக்க முடியும்.”

கலைச்செல்வன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 1

என்னாலதான். எல்லாம் என்னாலதான்.

ஆகஸ்ட் 3

மருதாயி அக்கா வாசலிலேயே நின்று கேட்டார். “நீ சொன்னேன்னுதானடி கையெழுத்துப் போட்டோம்?”

லோன் வாங்கித்தானே மெஷின் வாங்கினீங்க என்று வாய் வரை வந்தது. உள்ளே வந்து அழுதேன். தேவயானி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 14

உத்தரவு வந்துவிட்டது. வணிகப் பகுதி.

ஒன்பது வீட்டுக்காரர்கள் விற்க ஒத்துக்கொண்டார்கள். மலர்கொடியும். “கோவிச்சுக்காதீங்கக்கா. எங்க ஊரு அரும்பாவூருக்கே போயிடறோம். கிரைண்டரை அங்க போட்டுக்கிறேன்.” கோபம்தான் வந்தது. போடி, நல்லா இரு என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பதில் முதல் கையெழுத்து அவளுடையது.

நானும் விற்றுவிட்டுப் போகலாம். போய்? புதுத் தெருவில் இவள் எதைக் கேட்டு நடப்பாள்?

நவம்பர் 20

மலர்கொடி வீட்டை நேற்று இடித்துவிட்டார்கள்.

காலையில் தேவயானி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். நடுத்தெருவில் நிற்கிறாள். பின்னாலிருந்து டிராக்டர்காரன் ஹாரன் அடிக்கிறான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் அப்படியே நிற்கிறாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

“எங்க நிக்கிறேன்னே தெரியலம்மா.”

இருபத்தாறு வயசில் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டிசம்பர் 2

லீவு போட்டிருக்கிறாள். தலைவலியாம். நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, 2026 – திங்கள்

கலவை மெஷின் விடிந்ததும் ஆரம்பித்துவிடுகிறது. மருதாயி அக்கா மெஷினை மிதிக்கிறாரா இல்லையா என்றே கேட்கவில்லை. சிமெண்ட் மூட்டைமேல் மலர்கொடியின் பழைய ஃபிளக்ஸை விரித்திருக்கிறார்கள். பார்த்தும் பார்க்காத மாதிரி வந்தேன்.

காலையில் தேவயானி கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். வெள்ளைக் குச்சியை மடித்துப் பைக்குள் வைத்தாள். திரும்பாமலேயே கையைப் பின்பக்கமாக நீட்டினாள்.

“வாம்மா.”

பிடித்துக்கொண்டேன். சின்ன வயசில் பிடித்த கை. உள்ளங்கையெல்லாம் வேர்த்திருந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் விடவில்லை. ஏறும்போது, “சாயங்காலமும் வந்துடும்மா,” என்றாள்.

அஞ்சரை பஸ். அஞ்சு மணிக்கே போய் நிற்கணும்.