வீட்டுக்கு ஓர் ஆள்

2.9.2024

வெங்கட்டுக்கு, சின்னத் தாத்தா ராமப்பன் சொல்ல, தையல்கார மாதேஸ்வரி எழுதுவது.

நீ நலமா என்று கேட்கிற மனசு எனக்கு இல்லை. அதைக் கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்கிறாள் மாதேஸ்வரி. கேட்டாயிற்று.

நேற்று உங்கள் இளைஞர் மன்றத்து ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டாம் தேதி ஏரிக் கால்வாய் தூர் வாரணும், வீட்டுக்கு ஓர் ஆள் வரணும் என்று ஒவ்வொரு வீடாகப் பெயர் படித்தார்கள். திருமலை வீட்டைப் படித்தார்கள். அடுத்தது என் வீடு. வாசலில் வந்து நின்றேன். ஆட்டோ என்னைத் தாண்டி, எல்லப்பன் மகன் தமிழரசன் வீட்டைப் படித்தது.

பதினாலு வயதில் மண்வெட்டி பிடித்தவன் நான். ஒரு வருஷம் தவறியதில்லை. உன் தாத்தா, என் அண்ணன் திம்மப்பன் செத்த வருஷம்கூடக் காரியம் முடித்த மறுநாள் கால்வாயில் நின்றேன். மன்றத்துக்குச் செயலாளர் நீதானே? போனில் கேட்டால் "ஷிப்டுல இருக்கேன் தாத்தா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பதில் எழுது.

ராமப்பன் (கைநாட்டு)

*

ஓசூர், 6.9.2024

அன்புள்ள சின்னத் தாத்தாவுக்கு வெங்கட் வணக்கம்.

பத்தாவது பரீட்சைக்குப் பிறகு இப்போதுதான் கடிதம் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை மறந்துவிடவில்லை. வயதாகித் தனியாக இருப்பவர்களை மண் வெட்டக் கூப்பிடுவது பாவம் என்று மன்றத்தில் எல்லோரும் பேசித்தான் முடிவு செய்தோம். அப்படிப் பதினொரு வீடுகள். அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

சும்மா விடவில்லை தாத்தா. அன்றைக்குப் பந்தல் போட்டு, ஃபேன் வைத்து, உங்கள் பதினொரு பேருக்கும் நாற்காலி. மேடையில் பொன்னாடை. என் வீட்டுக்காரி அருணாவே கடை கடையாக ஏறி நல்ல துணியாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறாள். உழைத்தது போதும். வந்து உட்காருங்கள்.

அன்புடன்,
வெங்கட்

*

9.9.2024

வெங்கட்டுக்கு,

மாதேஸ்வரி, நான் சொல்வதை அப்படியே எழுது. மழுப்பாதே.

அந்தப் பட்டியல் கால்வாய்க்கு மட்டும்தான் என்று யாருடா உனக்குச் சொன்னது? கால்வாய்க்கு ஆள் விடுகிற வீட்டில் சாவு விழுந்தால், பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு வீடும் ஆள் விடணும். பாடை கட்ட, குழி வெட்ட, தோள் கொடுக்க. பட்டியலில் இல்லாத வீட்டுக்கு எவனும் வர வேண்டியதில்லை. இது எங்கேயும் எழுதி வைத்ததில்லை. அதனால்தான் படித்த உங்களுக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றிரண்டில் எல்லப்பன் கால்வாயை மறித்துத் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்பினான். ஊர் கூடி மூன்று வருஷத்துக்குப் பட்டியலில் அவன் பெயரை அடித்தது. அடுத்த தை மாதம் அவன் பெண்டாட்டி நஞ்சம்மா செத்தாள். உச்சி வெயில் வரைக்கும் பிணம் வாசலில் கிடந்தது. எல்லப்பன் வீடு வீடாகப் போய், "யாராச்சும் ஒரு கை குடுங்கப்பா" என்று நின்றான். கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் நானும் உன் தாத்தாவும் போனோம். எல்லப்பனோடு மூன்று பேர். நாலாவது தோள் இல்லாமல் பாடை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. அந்தச் சாய்வு என் வலது தோளில் இன்னும் இருக்கிறது.

இந்த ஊரில் பெயரை அடிப்பது தண்டனை. நான் யார் தண்ணீரை மறித்தேன்? உன் பதினொன்றில் ஒருத்தி லட்சுமியம்மாள், அவள் எவன் தோட்டத்தை அழித்தாள்? இவர்கள் செத்தால் யாரும் போக வேண்டாம் என்று மைக்கில் சொல்லாமல் சொல்லிவிட்டு, கழுத்தில் துணி போடுகிறாயா? உன் நாற்காலியில் நீயே உட்கார்.

ராமப்பன் (கைநாட்டு)

*

ஓசூர், 15.9.2024

சின்னத் தாத்தாவுக்கு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டேன். "இதுகூடத் தெரியாமயா செயலாளர் ஆனே?" என்று திட்டினார்.

உங்கள் கடிதத்தை மன்றத்தில் படித்தேன். பாதியில் தமிழரசன் எழுந்து வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மொதல்ல ராமப்பன் தாத்தா பேர எழுதுங்கடா" என்றான். பதினொரு வீட்டையும் ஏற்றிவிட்டோம்.

ஆனால் உங்களுக்கு மூச்சு வாங்குமே தாத்தா. பெயர் இருக்கட்டும். வந்து உட்கார்ந்தால் போதும்.

வெங்கட்

*

23.9.2024

வெங்கட்டுக்கு,

நேற்று நான் வெட்டியது ஒரு முழம். காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு முழம்தான். போய் அளந்து பார்த்துக்கொள். லட்சுமியம்மாளுக்கு வெட்ட முடியவில்லை, கூடை பிடித்தாள். அவள் வீட்டு ஆள் அவள்தான். தமிழரசன் வந்து, "குடு தாத்தா, நான் வெட்டறேன்" என்று மண்வெட்டியைப் பிடுங்கப் பார்த்தான். "உங்க வீட்டுக்கு நீ வெட்டு. எங்க வீட்டுக்கு நான் இருக்கறேன், போடா" என்று விரட்டினேன்.

பொன்னாடை நல்ல துணி. சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தேன், மண்கூடை அசையவே இல்லை. அருணாவிடம் சொல்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நேற்று மைக்கில் "ராமப்பன் தாத்தா" என்று படித்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். வேறு எந்த வீட்டுக்காவது தட்டினார்களா? பட்டியலில் தாத்தா என்று எவனும் கிடையாது. அடுத்த வருஷம் சின்னமுனியன் மகன் ராமப்பன் என்று படி. படித்துவிட்டு நிற்காதே. அடுத்த வீட்டுக்குப் போ.

ராமப்பன் (கைநாட்டு)