கேஸ் குறைந்திருக்கிறது என்றால்

மாமி,

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். மீன்கறியை மட்டும் சூடாக்கினால் போதும்.

பதினோரு மணிக்கு ஏசி சர்வீஸ் செய்ய ஆள் வருவார். ஃபில்டரை நானே கழுவி நிழலில் காயப்போட்டிருக்கிறேன். சர்வீஸுக்கு அறுநூறு ரூபாய், ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

போன வருடம் மாதிரியே "கேஸ் குறஞ்சிருக்குக்கா" என்று சொல்லி இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்பார். அந்த கேஸ் ஏசியின் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. எங்காவது கசிந்தால் ஒழியக் குறையாது. "எங்க மக்கா லீக்கு, காட்டு பாப்போம்" என்று கேளுங்கள். மீன்காரியிடம் பேசுகிற அதே குரலில் கேட்டால் போதும்.

நேற்று சாப்பிடும்போது, "பிசிக்ஸ் படிச்சிற்று, அவன் கேட்டதும் எண்ணிக் குடுத்தியே மக்ளே" என்று சிரித்தீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, அதனால்தான் பாதியில் எழுந்து போனேன். போன வருடமும் இதெல்லாம் எனக்குத் தெரியும் மாமி. அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான்.

சுபிதா

செருப்பு மாட்டிய பிறகு திரும்பி வந்து எழுதுகிறேன். ஏசிக்காரரை ஐந்து மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். போன் பேச தைரியம் வரவில்லை, வாட்ஸ்அப்பில்தான். சரி என்று பதிலும் வந்துவிட்டது. அதற்குள் நான் வந்துவிடுவேன். கேள்வியை நானே கேட்கிறேன்.

நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். நான் திக்கினாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர் போன பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளுங்கள்.