நிஹாத் சொல்லாமல் வந்த ஞாயிற்றுக்கிழமை

பிளானோ, டெக்சாஸ்
மார்ச் 2009

என் செல்ல மகள் ஆஸிபாவுக்கு, அம்மா ஹபீஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அத்தாவும் அல்லாஹ் கிருபையில் சுகம், அவர் வாயைக் கட்டாததால் சுகர் மட்டும் ஏறி நிற்கிறது. கோலாலம்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆதிஃபும் நல்லபடியாக இருக்கிறீர்களா? போனில் பேசுகிறோம்தான், ஆனால் இந்த விஷயத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் உன் பிள்ளை போனைப் பிடுங்கிவிடுவான், அதனால் எழுதுகிறேன்.

ஈராக்கிலிருந்து அகதியாக வந்த ஒரு குடும்பத்தை நம் பள்ளிவாசல் ஆட்கள் பொறுப்பெடுத்தது உனக்குத் தெரியும். பாஸில், அவர் மனைவி நிஹாத், இரண்டு பெண் பிள்ளைகள். அபார்ட்மென்ட் பிடித்து, மெத்தை வாங்கிப் போட்டு, பிள்ளைகளை ஸ்கூலில் சேர்த்து, பாஸிலுக்கு ஹோட்டல் லாண்டரியில் நைட் ஷிஃப்ட் வேலையும் வாங்கிக் கொடுத்தோம். அதோடு விட்டோமா? புது ஊரில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து அழக்கூடாது என்று, தினம் ஒரு வீட்டார் போய்ப் பார்க்க நான்தான் முறை போட்டேன். போன் பண்ணிவிட்டுப் போகிற வழக்கம் நமக்கு ஏது, கதவைத் தட்ட வேண்டியது, உள்ளே போய் உட்கார வேண்டியது. அவளும் சிரித்த முகமாகத் திறப்பாள், டீ வரும், பின்னாலேயே சோறும் கோழியும் வரும், போதும் என்றால் இன்னும் அள்ளி வைப்பாள். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் பாருங்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

போன மாதம் திடீரென்று பாஸில் அத்தாவுக்குப் போன் பண்ணி, மிச்சிகனில் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான், அங்கேயே போய்விடுகிறோம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தம்பிக்கே வேலை போய்ச் சும்மா இருக்கிறானாம், அந்தப் பனியில் பிள்ளைகளோடு இவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? ஓடினேன், அப்போதும் சொல்லாமல்தான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பாஸில், விருந்தாளி முன்னால் படுக்க மனமில்லாமல் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார். நிஹாத் நேரே அடுப்பிடம் போனாள். கையைப் பிடித்து நிறுத்தி, ஏன் போகிறீர்கள், நாங்கள் என்ன தப்புப் பண்ணினோம் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றவள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள், "எவ்ரி டே கெஸ்ட். நோ டே ஹவுஸ்" என்று. தினமும் விருந்தாளி, ஒரு நாளாவது எங்கள் வீடாக இல்லை என்கிறாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன் ஆஸிபா, ஒரு தயிர் டப்பாவும் ரெண்டு எலுமிச்சம்பழமும்தான் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கென்று வாங்கிப் போட்டதையெல்லாம் நாங்களே முறைவைத்துத் தின்றிருக்கிறோம்.

டோல்வேயில் அழுதுகொண்டே கார் ஓட்டி வந்ததில் நம் எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டேன். அத்தாவிடம் சொன்னால் அவருக்குச் சிரிப்பு. "உங்க கூட்டத்துக்கு டீ போட்டுப் போட்டே அந்தப் பொண்ணு ஸ்டேட்டை விட்டு ஓடுது, நானா இருந்தா முதல் வாரமே ஓடியிருப்பேன்" என்கிறார். வந்த கோபத்தில் அன்றைக்கு அவரோடு பேசவே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் போன் போட்டு, அவளாகக் கூப்பிடுகிறவரை ஒருத்தரும் அந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். போகாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதம்மா, தொழுகையில் நின்றாலும் அந்தப் பிள்ளைகள் முகம்தான். இருக்கிறார்களோ, போயே விட்டார்களோ என்று அத்தாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

முந்தாநாள் ஞாயிறு மத்தியானம் காலிங் பெல் அடித்தது. நான் தலை நிறைய எண்ணெயும் பழைய நைட்டியுமாக இருக்கிறேன், ஹால் முழுக்க மடிக்காத துணி, கழுவாத பாத்திரம். திறந்தால் நிஹாத் குடும்பமே நிற்கிறது! போனும் இல்லை ஒன்றும் இல்லை. பாஸில் புதிதாக வாங்கியிருக்கிற பழைய காரில் வந்திருக்கிறார்கள், கையில் ஒரு தட்டு பக்லாவா இனிப்பு. துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜம்மென்று சோபாவில் உட்கார்ந்து, "டீ" என்றாள் பார்! நான் பதறியடித்து டீ போட்டு, ஃபிரீசரில் கிடந்த கறியை எடுத்து ஆக்கி, மறுபடி டீ போட்டு, பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வரைக்கும் அடுப்படியிலேயே நின்றேன். அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை, வேண்டுமென்றேதான் செய்தாள் கள்ளி. கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிச்சிகன் போகவில்லை, அபார்ட்மென்ட்டை இன்னும் ஒரு வருஷத்துக்கு எடுத்துவிட்டோம் என்றார் பாஸில். அவர்கள் போனதும் காலை நீட்டிப் படுத்தேன், இடுப்பு விட்டுப்போயிருந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். பக்லாவாவில் பாதித் தட்டு அதற்குள் உன் அத்தா வயிற்றில், போனில் நீயும் அவரைக் கொஞ்சம் கண்டி.

உன் வீட்டுக்கு நல்ல மனிதர்கள் வந்துகொண்டே இருக்கட்டும், கதவைச் சாத்திக்கொண்டு காலை நீட்டுகிற பொழுதும் உனக்குக் கிடைக்கட்டும் என்று துஆ கேட்கிறேன். தைராய்டு மாத்திரையை விடாமல் போடு. ஜூனில் நாங்கள் அங்கே வரும்போது தினமும் நின்று ஆக்கிப் போடாதே, கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நீ போய்ச் சோபாவில் உட்கார்.

வஸ்ஸலாம்,
உன் அம்மா
ஹபீஸா சேக் தாவூத்